ஒரே முகவரிக்கு இரண்டு உரிமையாளர்கள்

வீட்டிலுள்ள மூன்று கணினிகளுக்கும் இணையத்தைப் பகிர்ந்தளிக்க வாங்கிய ரௌட்டரை, இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மோடத்தோடு இணைத்து, பச்சை விளக்கு எரிவதைக் கண்டு நான் அடைந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. மோடமும் ரௌட்டரும், வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்கவேண்டிய எண் முகவரியாக, 192.168.1.1 என்ற ஒன்றையே தமக்கென்று வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் முறுக்கிக்கொண்டு நின்றன. மோடமே இப்போதெல்லாம் பாதி ரௌட்டராகத்தான் வருகிறது என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? ரௌட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தச் சங்கடத்துக்காக, மேசைக்கடியில் தவழ்ந்து, கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி, ஊசிமுனையால் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். முகவரியை மாற்றுவதற்கான அமைப்புப் பக்கம் கேட்கும் கடவுச்சொல்லோ, ரௌட்டரின் அடிப்புறத்தில் எறும்பளவு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கக் கவிழ்த்தால் கேபிள் கழன்றுவிடுகிறது.