பிபிடிபியில் பாஸ்வேர்டை நீட்டினால் போதுமா?

அண்ணே, சுங்கை சிப்புட் கடைக் கணினியைத் தோட்டத்து ஆபீஸோடு இணைக்க பிபிடிபி (PPTP) என்ற பழைய வகை விபிஎன் (இணையம் வழியாகப் போடும் பூட்டிய தனி இணைப்பு) போதும், பாஸ்வேர்டை நீளமாக வைத்தால் யாராலும் உடைக்க முடியாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அமைப்பது சுலபம், பழைய ரவுட்டரிலும் ஓடும், அதெல்லாம் சரி. ஆனால் நீளம் இங்கே கைகொடுக்காது.

பிபிடிபியில் வழக்கமாக பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது எம்எஸ்-சாப் வி2 (MS-CHAP v2) என்ற முறை. நீங்கள் எத்தனை எழுத்து வைத்தாலும் அது ஹேஷ் என்ற 16 பைட் குறியீடாகச் சுருங்கி, டெஸ் (DES) என்ற பழைய மறையாக்க முறைக்கான மூன்று சாவிகளாகப் பிரிந்துவிடும். மூன்றாவதில் உருப்படியாக இருப்பது 2 பைட்தான், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற இரண்டையும் 56 பிட் அளவிலான (அதாவது 2^56 சாவிகளைச் சோதிக்கும்) ஒரே தேடலில் பிடித்துவிடலாம் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் விளக்கிக் காட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட்டும் எச்சரித்தது. 2743314 என்ற அறிவிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஐபோன் செட்டிங்ஸில் புது விபிஎன் சேர்க்கும் இடத்தில் வகைப் பட்டியலைத் திறங்கள். பிபிடிபி இருக்காது, 2016இல் ஐஓஎஸ் 10 வந்தபோதே ஆப்பிள் எடுத்துவிட்டது.

ரவுட்டரில் பிபிடிபியைவிடப் பாதுகாப்பான விபிஎன் வகைகளான வயர்கார்டோ ஐகேஇவி2-வோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.