சூயஸ் சொன்ன இரண்டு பாடங்கள்

2025 ஜனவரியில், பதவியேற்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், ட்ரம்ப்பிடம் ஒரு கேள்வி வந்தது. கிரீன்லாந்துக்காக ராணுவத்தை இறக்க மாட்டேன் என்று உறுதி தருவீர்களா? தர மறுத்துவிட்டார். கிரீன்லாந்து டென்மார்க் முடியாட்சியின் ஒரு பகுதி. டென்மார்க்கோ அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவை 1949இல் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

ஒருவர் மேல் விழும் அடி எல்லார் மேலும் விழும் அடி என்பது நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு. அதை இதுவரை ஒரே ஒரு முறைதான் கையில் எடுத்திருக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. டென்மார்க் தன் பிள்ளைகளை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பி, அங்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் சண்டை போட்டு, 43 பேரைப் பறிகொடுத்தது. மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 55 லட்சமாக இருந்த நாடு அது. அந்த நாட்டைப் பார்த்தா இந்தப் பேச்சு?

ஐரோப்பா பாதுகாப்புக்குக் காசு செலவழிக்காமல் அமெரிக்காவின் நிழலில் இருந்துவிட்டது என்ற குறையில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவோம் என்று 2014இல் சொன்ன ஜெர்மனி, அந்த அளவை எட்ட 2024 ஆனது. ஆனால் சந்தா பாக்கி வைத்த கூட்டாளியிடம் பணத்தைக் கேட்பது வேறு, அவன் நிலத்தைக் கேட்பது வேறு.

இந்த உரசலின் வேர் 1956இல் இருக்கிறது. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு எகிப்து மேல் பாய்ந்தன. அது அநியாயமான படையெடுப்பு, அதைத் தடுத்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் செய்தது சரிதான். ஆனால் தடுத்த விதத்தைப் பாருங்கள். பவுண்டு சரிந்துகொண்டிருந்தது, பிரிட்டன் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். பணத்தை நம்பி நின்றது. சண்டையை நிறுத்தாமல் பைசா கிடையாது என்றது அமெரிக்கா. பிரிட்டன் பணிந்தது. 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவியை விட்டே போனார்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். ஒரே அடியிலிருந்து இரண்டு நாடுகளும் நேரெதிரான பாடங்களைக் கற்றுக்கொண்டன. இனி அமெரிக்காவை விட்டு விலகி நிற்கவே கூடாது என்றது லண்டன். இனி அமெரிக்காவை நம்பியே இருக்கக் கூடாது என்றது பாரிஸ். பிரான்ஸ் 1960இல் சஹாராவில் சொந்த அணுகுண்டை வெடித்தது. 1966இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து விலகினார், அமெரிக்கப் படைகளை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மூட்டை கட்டியது. பிரிட்டனின் நீர்மூழ்கிகளில் இருக்கும் டிரைடன்ட் அணு ஏவுகணைகள் இன்றைக்கும் அமெரிக்காவோடு பகிர்ந்துகொள்ளும் இருப்பிலிருந்து வருபவை. பராமரிப்புக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குத்தான் போகவேண்டும். பிரான்சின் ஏவுகணைகள் பிரான்சிலேயே செய்தவை.

டி கோலை வறட்டுக் கௌரவம் பிடித்தவர் என்று நினைத்துவந்தவன் நான். 2003இல் இராக் போரை பிரான்ஸ் எதிர்த்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் அமெரிக்காவோடு போனார், 179 பிரிட்டிஷ் வீரர்கள் அங்கே இறந்தார்கள். இராக்கிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. இப்போது கிரீன்லாந்து. பாரிஸ் கற்ற பாடம்தான் சரி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்காவிடமிருந்து படிப்படியாக விடுதலை பெற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் தேர்தல் வென்ற இரவிலேயே ஜெர்மனியின் மெர்ஸ் (பிறகு அந்த நாட்டின் தலைமை அமைச்சர் ஆனவர்) பேசியது, 60 வருடம் தாமதமாக வந்த அதே பாடம்.

ஆனால் அது எவ்வளவு கடினம் என்பதற்கும் டென்மார்க்கே சாட்சி. 2025 செப்டம்பரில் அது அமெரிக்காவின் வான் பாதுகாப்பு ஏவுகணையான பேட்ரியட்டை விட்டுவிட்டு, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்யும் வான் பாதுகாப்பு ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதமே, கூடுதலாக 16 எஃப்-35 போர் விமானங்களை அமெரிக்காவிடம் வாங்குவதாக அறிவித்தது.