1968க்கு முன்னாலும் ஐரோப்பாவில் ஃப்ரீ ஜாஸ் இருந்தது

வழக்கமான மெட்டு, தாளக் கட்டுப்பாடுகளை உதறிவிட்டு வாசிக்கும் ஜாஸ்தான் ஃப்ரீ ஜாஸ். 'ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸ் 1968இல் ஜெர்மன் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மானின் மெஷின் கன் இசைத்தட்டோடுதான் தொடங்கியது, அதுவரை அங்கே அமெரிக்கர்களைக் காப்பியடித்தார்கள்' என்று சிலர் எழுதுவது சரியில்லை. மெஷின் கன் அபாரமான தட்டு, எட்டுப் பேர் சேர்ந்து ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் பதிவு செய்தது, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் தொடக்கம் அது இல்லை.

ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட் ஃப்ரீ ஃபார்ம் தட்டைப் பதிவு செய்தது 1960இல். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் ஃப்ரீ ஜாஸ் என்ற பெயரிலேயே தட்டு பதிவு செய்ததும் அதே வருடம்தான். அப்புறம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், காப்பி என்ற சொல்லே வாயில் வராது: ஹாரியட் குழுவில் ஷேக் கீனின் ட்ரம்பெட்டும் பாட் ஸ்மைத்தின் பியானோவும் கோல்ரிட்ஜ் குட்டின் பாஸும் ஒன்றையொன்று கவனித்து, இடம் விட்டு, சில நேரம் சட்டென்று மௌனமாகிக்கூட வாசிக்கும், அந்த மௌனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்து வந்த ஆப்ஸ்ட்ராக்ட் தட்டுக்கு அமெரிக்காவின் டவுன்பீட் ஜாஸ் இதழே ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

பாரிஸில் பியானோ கலைஞர் ஃப்ரான்ஸ்வா டுஸ்க் 1965இல் பதிவு செய்த தட்டின் பெயரே ஃப்ரீ ஜாஸ். ஜெர்மனியையே எடுத்துக்கொண்டாலும் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக் பெரிய குழுவோடு செய்த க்ளோப் யூனிட்டி 1966, அதில் ப்ரோட்ஸ்மானே வாசித்திருக்கிறார்.

முதலில் ஆப்ஸ்ட்ராக்ட் கேளுங்கள்.