அது வெறும் இரும்பு இல்லை

நேற்றுப் போட்ட படத்தைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. வாய்க்காலில் யாரோ கொட்டிவிட்டுப் போன கார் சாமான்கள். தேய்ந்த பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஒன்று, நாலைந்து ஆயில் ஃபில்டர். கீழே வந்த பதில்களைத்தான் பார்த்திருப்பீர்களே. "இரும்புதானே, துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிடும், இதற்கு ஏன் இவ்வளவு கூப்பாடு?" அந்தப் பதிலுக்கு விழுந்த விருப்பங்கள் என் பதிவுக்கு விழுந்ததைவிட அதிகம்.

அது வெறும் இரும்பு இல்லை. பொறுமையாகவே சொல்கிறேன். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு, சரி, அது துருப்பிடிக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் இருக்கிறது, பலவற்றில் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜனும் இருக்கிறது. குப்பையோடு சேர்த்து யாராவது தீ வைத்தால் வெடித்துவிடும். ஆயில் ஃபில்டரைக் கழற்றிய கையோடு தூக்கிப் போட்டால், உள்ளே இருக்கும் காகித மடிப்பு குடித்து வைத்திருந்த கரி எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். படத்தில் தண்ணீரின் மேல் பல நிறத்தில் ஒரு படலம் தெரிகிறதே, அது எப்போது துருப்பிடிக்கும்?

"பொறுக்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று இன்னொருவர். எடுப்பார்கள்தான். விலை போகிற செம்பையும் அலுமினியத்தையும் எடுப்பார்கள், எண்ணெயை யாரும் எடுக்க மாட்டார்கள். அதோடு, உங்கள் வண்டியின் கழிவை வெறுங்கையால் பிரித்தெடுக்க இன்னொருவர் வாய்க்காலில் இறங்க வேண்டும் என்பதை எப்படி இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறது?

காயலான் கடையில் போடலாமே என்றால், "கடைக்காரர்கள் எடையில் ஏமாற்றுகிறார்கள்" என்கிறார்கள். சிலர் ஏமாற்றுகிறார்கள். வேறு கடைக்குப் போங்கள்.

என் சித்தப்பா காயலான் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை என்றால் அங்கேதான் கிடப்பேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்புக் குவியல். ஒட்டாவிட்டால் அரத்தால் ஒரு கீறு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சிவந்து தெரிந்தால் செம்பு, மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஆல்டர்னேட்டரை அப்படியே எந்தக் குவியலிலும் போட விடமாட்டார். அதன் கூடு அலுமினியம், உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பி, நடுவில் இரும்பு. போல்ட்டைக் கழற்றிச் செம்பை உருவி எடுத்த பிறகுதான் மிச்சம் நகரும். "செம்பு கலந்த இரும்பு உருப்படாதுடா" என்பார். காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. இரும்போடு சேர்ந்து உருகிவிட்ட செம்பை உலையில் பிரித்தெடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அது எஃகிலேயே தங்கிவிடும். அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தகடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விடும். அவர் உலையைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அதற்கான வேலையைச் சரியாகச் செய்தார்.

அலுமினியத்தைக் குழியில் போட்டுப் புதைப்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் இருந்தால் போதும், பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்திவிடலாம். சைலன்சர் குழாயோடு வரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அதையும் இரும்பு என்றே சொல்வீர்களா?

உங்களை யாரும் உலை மூட்டச் சொல்லவில்லை. ஃபில்டரை ஒரு பழைய சட்டியின் மேல் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். வடிந்த எண்ணெயை மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஷாக் அப்சார்பரை வீட்டில் வைத்து அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். பேட்டரியை நிமிர்த்தி வைத்துத் தனியாகக் கொண்டுபோங்கள். "இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு வாய்க்கால்வரை வண்டியில் போய்க் கொட்ட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நேற்று ராத்திரி ஒருவர் "காயலான் கடை புத்தி" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கும் சிரிப்பு முகங்கள் விழுந்தன. என் சித்தப்பாவின் உள்ளங்கையில் அமிலம் பட்ட தழும்பு கடைசிவரை இருந்தது. உடைந்த பேட்டரியைச் சாக்கில் சுற்றி, உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மற்ற சாமான்களோடு போட்டுவிட்டுப் போனார் ஒருவர். நல்ல கார்தான் வைத்திருந்தார். சித்தப்பா அவரைத் திட்டக்கூட இல்லை. கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே, மற்றவர்களை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதியவர் என் நட்பில்தான் இருக்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. என் சித்தியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். அவர் கண்ணில் படுவதற்குள் அந்தக் கருத்தை நீங்களே எடுத்துவிடுங்கள்.