வெண்கட்டிக் கோட்டுக்குள் நியூசிலாந்து

(வெள்ளவத்தை. நான்காம் மாடி. கடல் தெரிகிற வீடுகளுக்கு வாடகை அதிகம் என்பதால், இந்த வீட்டு ஜன்னலில் பக்கத்து மாடியின் ஏசிப் பெட்டிதான் தெரியும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் நல்லையா, முழந்தாளிட்டுத் தரையில் வெண்கட்டியால் கோடு இழுக்கிறார். மனைவி பூமணி வருகிறார்.)

பூமணி: என்னப்பா இது? தைப்பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. இப்போதே கோலமா?

நல்லையா: கோலமில்லை. ஜனவரியில் நியூசிலாந்தில் நாம் நாற்பது நாள் ஓட்டிக்கொண்டே குடியிருக்கப் போகிற வண்டி. ஏழு மீற்றர் நீளம், இரண்டேகால் அகலம். உள்ளே வாரும்... ஐயோ, அது சுவர்! கதவு இந்தப் பக்கம்.

பூமணி: கோடு ஹோலுக்குள் அடங்கவில்லையே?

நல்லையா: அதனால்தான் சாரதி இருக்கை சாமியறைக்குள் போய்விட்டது.

பூமணி: நல்லதாகப் போயிற்று. நீங்கள் ஓட்டும்போது பிள்ளையார் பக்கத்தில் இருக்கட்டும். இந்தச் சின்னக் காரைக் காலி வீதியில் பின்னுக்கு எடுக்கவே பழக்கடைக்காரர் இறங்கி வந்து கை காட்ட வேண்டியிருக்கிறது.

நல்லையா: அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று. வண்டிக்குள் வாழ்கிற அனுபவமும் எனக்கு உண்டு. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தவன் நான்.

பூமணி: படுத்தது நீங்கள். புட்டும் சம்பலும் சுமந்து வந்தது நான். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தது யார்?

நல்லையா: அதற்குத்தான் இதிலே கழிப்பறை. (மூலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையைக் காட்டுகிறார்.) 2023இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். கண்ட இடத்தில் இலவசமாக இராத் தங்குவதென்றால், வண்டியோடு பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும்.

பூமணி: நிரம்பினால்?

நல்லையா: (தொண்டையைச் செருமி) அடியில் ஒரு பெட்டி. இருபது லீற்றர் அளவில் பிடிக்கும். கழற்றிக்கொண்டு போய், அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டலாம். கைப்பிடி இருக்கிறது. சில்லும் இருக்கிறது.

பூமணி: வங்கியில் முப்பது வருடம் காசுப் பெட்டி பார்த்த கைதானே? இழுங்கள்.

நல்லையா: ஆளுக்கொரு நாள் என்று...

பூமணி: இது அரிசி கழுவுகிற கை. அந்தப் பேச்சே வேண்டாம். இப்போது என் சாமான்களைப் பாருங்கள். கருவாடு, ஒடியல் மா, பனங்கட்டி, கறிவேப்பிலை, ஒரு போத்தல் தேன்.

நல்லையா: தேனா? தேனை எடுத்துப்போகவே கூடாது. மற்றதையெல்லாம் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். நம் காசுக்கு அறுபதாயிரத்துக்கு மேல்.

பூமணி: மறைப்பானேன்? எழுதிவிடுகிறேன். ஒடியல் மாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?

(நல்லையா வாயைத் திறக்கிறார். மூடுகிறார்.)

பூமணி: கறிவேப்பிலையை எடுத்துக் கொட்டுவார்களோ?

நல்லையா: பச்சை இலையை அவர்கள் விட்டாலும் கீயா விடாது. தென்தீவில் மலைக்கிளி ஒன்று இருக்கிறது. நிறுத்திய வண்டியின் ஜன்னல் ரப்பரையே பிய்த்தெடுத்துவிடும்.

பூமணி: வெள்ளவத்தைக் காகத்தோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திவிட்டேன். கிளி எனக்கு எம்மாத்திரம்? சரி, ரைஸ் குக்கரை எங்கே வைப்பது?

நல்லையா: அது சரிவராது. உள்ளே இருப்பது 12 வோல்ட் பற்றரி. விளக்கு எரியும், கைப்பேசி ஏறும். குக்கர் போடுவதென்றால் மின்சாரம் உள்ள முகாமில் காசு கட்டி, வயரைக் குத்த வேண்டும். இலவச இடத்தில் மின்சாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுதானே சுதந்திரம்!

பூமணி: நல்ல சுதந்திரம். கட்டில் எது?

நல்லையா: (சோபா மெத்தைகளை இழுத்துப் போட்டு) பகலில் மேசை, இரவில் கட்டில். இன்று இரவு இதிலேயே படுத்து ஒத்திகை பார்க்கிறேன். நீர் வேண்டுமானால் அறைக்குள் படும்.

(இரவு பதினொரு மணி. கோட்டுக்குள் நல்லையா. கால் இரண்டும் வண்டியைவிட்டு வெளியே கிடக்கின்றன. திடீரென்று மின்விசிறி நின்றுவிடுகிறது. கொழும்புப் புழுக்கம் வந்து நெஞ்சில் உட்காருகிறது.)

நல்லையா: பூமணி! கரண்ட் போய்விட்டதா?

பூமணி: (அறைக்குள்ளிருந்து) எனக்கு விசிறி ஓடுகிறதே!

நல்லையா: அப்படியானால் இங்கே ஏன் நின்றது?

பூமணி: நீங்கள் முகாமுக்குக் காசு கட்டினீர்களா?

நல்லையா: இல்லை...

பூமணி: பற்றரிதானே? படுங்கள்.

(சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கோட்டைத் தாண்டி யாரோ நடக்கிற ஓசை.)

பூமணி: அது சுவர். கதவு அந்தப் பக்கம்.