கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது ரஜினியைப் பற்றி

போன ஞாயிறு எங்கட வன்னியின் புளியங்குளத்துச் சலூனில் நான் ஒரு விசர் வேலை பார்த்தேன். சவரக்கத்தி என் தொண்டைக்குழியில் நிற்க, கத்தி பிடித்திருந்த தம்பியின் தலைவரைக் குறை சொன்னேன்.

தொடக்கினது நானில்லை. முறைக்குக் காத்திருந்த கம்பஸ் பெடியன் ஒருவன். "உவர் ரஜினிக்கு நடிக்கவே தெரியாது. நடப்பார், கண்ணாடியைச் சுத்துவார், சிரிப்பார். உவர் நடிகரெண்டா சிவாஜியை என்னெண்டு சொல்லுறது?" என்றான். சலூன்காரத் தம்பியின் கை அப்படியே நின்றது. அந்தச் சலூனில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட பாட்சா படம் தொங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்திதான்.

"நடிக்கத் தெரியாதெண்டு சொல்லாத தம்பி," என்றேன். "நல்லா நடிக்கத் தெரிஞ்ச ஆள். இடையில விட்டிட்டார்." பெடியனுக்கும் அது பிடிக்கவில்லை, சலூன்காரத் தம்பிக்கும் பிடிக்கவில்லை. அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன். நீளம்தான். நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள்.

நான் ரஜினியை முதலில் பார்த்தது தியேட்டரில் இல்லை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் ஏது? ஊரில் ஆரிட்டையாவது ஜெனரேற்றர் இருந்தால், தலைக்கு இவ்வளவென்று மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் ஓடும். ஒரு இரவுக்கு மூன்று படம். முதல் இரண்டும் அடிபாட்டுப் படம். மூன்றாவது, பெண்டுகள் கேட்கிற அழுகைப் படம். அது தொடங்கவே இரண்டு மணியாகிவிடும், பெடியள் எல்லாம் நித்திரை. நான் நித்திரை கொள்ளாத ஒரு இரவில்தான் 'ஆறிலிருந்து அறுபது வரை' பார்த்தேன். எஸ்.பி.முத்துராமன் 1979 இல் எடுத்த படம். தம்பி தங்கச்சிகளை ஆளாக்கிவிட்டு அவர்களாலேயே ஒதுக்கப்படுகிற மூத்த பிள்ளையின் கதை. ரஜினி அதில் குரலை உயர்த்துவதே அரிது. படம் போகப்போகத் தோள் இறங்கிக்கொண்டு வரும், நடை தளரும், பேசுகிறபோது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதே குறையும்.

எங்கட பெரியப்பா ஏழு சகோதரங்களுக்கு மூத்தவர். அதில் இரண்டு பேர் வெளிநாடு போய்க் கடிதம் போடாமல் விட்டவர்கள். அன்று விடிய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போன மனிசன் மத்தியானம் வரை ஒருத்தரோடும் கதைக்கவில்லை. பெரியம்மா சோற்றைக் கட்டிக்கொண்டு வயலுக்குத் தேடிப் போனா. நடிக்கத் தெரியாத ஒருவரால் எங்கட பெரியப்பாவை அப்படிச் செய்திருக்க ஏலாது.

அதற்கு முதல் வருடம் வந்தது 'முள்ளும் மலரும்'. மகேந்திரன் இயக்கிய முதல் படம், கமெரா எங்கட மட்டக்களப்பு பாலு மகேந்திரா. காளி என்கிற முன்கோபி. தங்கச்சியில் உயிரையே வைத்திருக்கிறவன், மேலே வந்த இஞ்சினியரோடு முறுகல். இடையில் அவனுக்கு ஒரு கை போய்விடுகிறது. வேறு நடிகரென்றால் அந்த இடத்தில் இருந்து பரிதாபம் கேட்கத் தொடங்குவார். ரஜினியின் காளிக்குத் திமிர் இன்னும் கூடுகிறது. இது எவ்வளவு சரியான கணக்கென்று எங்கட ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. என்ர கூட்டாளி ஒருவன், கால் போன பிறகு முன்னரைவிட இரண்டு மடங்கு சண்டைக்காரன். கை கொடுத்துத் தூக்கப் போனால் தள்ளிவிடுவான். கடைசியில் காளி தங்கச்சியை அந்த இஞ்சினியருக்கே கொடுக்கச் சம்மதிக்கிறான். ஆனால் அப்போதும் அந்த ஆளைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். தோற்றுப்போனதும் விட்டுக்கொடுத்ததும் அந்த ஒரு முகத்தில் இருக்கும். அவருடைய கண் இரண்டும் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பக்கக் கதை. அந்த மகேந்திரன் போர்நிறுத்தச் சமாதான காலத்தில் வன்னிக்கு வந்து எங்கட பிள்ளைகளுக்கு சினிமா சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மகன் ஜான் மகேந்திரன் எடுத்த 'ஆணிவேர்' 2006 இல் வந்தது, வன்னியிலேயே பிடித்த படம். ரஜினியைக் குறைவாகப் பேசவைத்து நடிக்கவைத்த கைக்கும் எங்கட மண்ணுக்கும் அப்படியொரு தொடுப்பு உண்டு. இது சலூன்காரத் தம்பிக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வில்லத்தனமா? 'மூன்று முடிச்சு', 'அவர்கள்', '16 வயதினிலே' எல்லாம் 1976, 77 ஆம் ஆண்டுப் படங்கள். 'அவர்கள்' படத்துப் புருசன் பெண்சாதியை வதைக்கிறவன், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். பகிடியா? 1981 இல் 'தில்லு முல்லு'. தேங்காய் சீனிவாசனுக்கு முன்னால் பயந்த பிள்ளை மாதிரி நிற்கிறதைப் பார்த்துவிட்டு வந்து கதையுங்கள். கமலோடு ஒப்பிடுகிற அந்தப் பழைய வழக்குக்குள் நான் வரவில்லை. அதுக்கு வேறு சலூன் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? 1995 இல் பாட்சா நடந்தது. அதிலும் அடங்கி நிற்கிற மாணிக்கமாக அவர் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் நாங்கள் விசிலடித்தது மாணிக்கத்துக்கு இல்லையே. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் அந்த இரண்டாம் பாதியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டோம், அவரும் தந்துகொண்டே இருந்தார். இடையில் 2010 'எந்திரன்' படத்தில் கெட்ட ரோபோவாக வருகிறபோது பழைய வில்லன் ஒருக்கால் எட்டிப் பார்த்தார். என்ன சந்தோசமாகச் செய்திருப்பார் மனிசன், கூட்டில் இருந்து விட்ட கிளி மாதிரி.

'கபாலி' வந்தபோது வவுனியாத் தியேட்டரில் பார்த்தேன். 2016. செத்துப்போனாள் என்று நினைத்த மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்து தேடிப் போகிற பகுதி. வயது போன ஆள், வெள்ளைத் தாடி, பயமும் ஆசையும் சேர்ந்த முகம். முன்வரிசையில் விசிலடித்த பெடியள் அந்த இடத்தில் போனை நோண்டத் தொடங்கினார்கள். எனக்குப் பின்னால் ஒரு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தா. படம் முடிந்து வெளியே வந்து "தலைவர் ஏமாத்திப்போட்டார்" என்று கத்தினது அந்த முன்வரிசைதான். அறுபத்தைந்து வயதில் ஒருவர் திரும்ப நடிக்க வந்ததற்கு எங்கட வரவேற்பு அது.

சரி, நடிப்பு இவ்வளவு. இனி ஆளைப் பற்றி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழுக்கைத் தலையோடும் நரைத்த தாடியோடும் வெளியில் வருகிறவர். திரையில் கறுத்த முடியோடு ஆடிவிட்டு மறுநாள் இப்படி வர ஒரு நெஞ்சு வேணும். 'பாபா' 2002 இல் படுத்தபோது நட்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தவர். 2021 இல் தாதா சாகேப் பால்கே விருது வாங்கிய மேடையில், தன்னோடு பெங்களூரில் பஸ் ஓடிய சாரதி நண்பர் ராஜ் பகதூரைப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

2008 நவம்பர் முதலாம் திகதி சென்னையில் நடிகர் சங்கம் ஈழத்தமிழர் எங்களுக்காக உண்ணாவிரதம் இருந்தது. அவரும் அந்த மேடையில் பேசினார். நாங்கள் அப்போது சண்டையில் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குள். செய்தியை ரேடியோவில் கேட்ட அன்று, பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஒரு பெடியன் தலையை ஒருக்கால் அவரைப் போலக் கோதிக் காட்டினான். சிரித்தோம்.

பிறகு 2017. லைக்கா நிறுவனத்தின் ஞானம் அறக்கட்டளை வவுனியா மாவட்டத்தில் சின்ன அடம்பன் பக்கம் 150 வீடு கட்டியது. ஏப்ரலில் ரஜினி வந்து சாவி கொடுப்பதாக ஏற்பாடு. இங்கே சலூனுக்குச் சலூன் அதுதான் கதை. அங்கே தமிழ்நாட்டில் திருமாவளவன், வைகோ எல்லாரும் போகவேண்டாம் என்றார்கள். இலங்கை அரசு இதைக் காட்டி எல்லாம் நல்லா இருக்கு என்று உலகத்துக்குச் சொல்லும் என்பது அவர்களின் வாதம். லைக்காதான் அப்போது அவருடைய '2.0' படத்துக்கும் தயாரிப்பாளர் என்பதும் ஒரு பேச்சு. இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மார்ச் கடைசியில் அவர் பயணத்தை நிறுத்தினார். தான் அரசியல்வாதி இல்லை, கலைஞன், இனி ஒருமுறை போவதென்றால் தடுக்கவேண்டாம் என்று அறிக்கை விட்டார்.

எங்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அன்றைக்கு இருந்த கோபம். எங்கட ஒழுங்கையில் ஒரு ஆச்சி சொன்னா, "சாவியை ரஜினி தந்தாலென்ன ரத்தினம் தந்தாலென்ன, பூட்டுத் திறந்தாச் சரி." நான் அவர் வரவேண்டும் என்று கட்சி கட்டினேன். ஏனென்றால் அந்த மாதங்களில் வன்னி தெருக்கரையில்தான் இருந்தது. பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும் 24 இல் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியிருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி தொடங்கி கேப்பாப்புலவுச் சனம் ஆமி பிடித்து வைத்திருந்த காணியைக் கேட்டு காம்ப் வாசலில். வவுனியாவுக்கு வந்தால் அந்தத் தாய்மாருக்கு முன்னால் அவருடைய கார் ஒருக்கால் நிற்கும், அந்தக் கண் அவர்களைப் பார்க்கும், கமெராக்கள் பின்னால் வரும் என்று நம்பினேன். பைத்தியக்கார நம்பிக்கைதான்.

அடுத்த வருடம் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கேட்டுப் போன சனத்தின் மேல் 2018 மே 22 இல் பொலிஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். மே 30 இல் ரஜினி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் கிடந்த ஒரு பெடியன் "யார் நீங்க?" என்று கேட்டான். அதைப் பகிடியாக்கி ஒரு மாதம் எல்லாரும் ஓட்டினார்கள். எனக்கு அது பெரிதில்லை. அவர் வெளியே வந்து சொன்னதுதான். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். நாளைக் கணக்குப் பார்த்தேன். வவுனியாத் தாய்மார் அப்போது பதினைந்து மாதத்தைக் கடந்து தெருக்கரையில் இருக்கிறார்கள். அவர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாரோ? 2017 இல் அவரைத் தடுத்தவர்களில் எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

சரியாக எட்டாம் நாள், ஜூன் 7 இல், 'காலா' வந்தது. அதில் அவர் காணிக்காகச் சனத்தைத் திரட்டிப் போராடுகிறவர். நன்றாகவும் நடித்திருந்தார், அதுதான் இன்னும் கரைச்சல்.

அரசியலைப் பற்றி அதிகம் இல்லை. 1996 தேர்தலில் ஒரு வசனம் சொல்லி ஊரைக் கலக்கியதில் இருந்து வருவேன், வருவேன். 2017 டிசம்பர் 31 இல் வருகிறேன். 2020 டிசம்பர் 29 இல் உடல்நிலை காரணமாக வரவில்லை. உடம்பு முடியாதவரைக் குற்றம் சொல்வது அழகில்லை. ஆனால் அந்த இருபத்துச்சொச்ச வருடத்தில் அவர் நடித்திருக்கக்கூடிய காளிகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

கன்னம் வழித்து முடிகிற நேரம் சலூன்காரத் தம்பி கேட்டான், "அப்ப உங்களுக்கு என்னதான் அண்ணை வேணும்?"

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். ஒரு தகப்பன் வேடம். மகன் காணாமல் போய்ப் பதினாறு வருடம். மனிசி போராட்டக் கொட்டிலில் இருக்கிறா, இவர் காலையில் பஸ் ஏறி அவவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பின்னேரம் திரும்பி வருகிறார். வசனம் ஒரு கொப்பி ஒற்றைக்கு மேல் தேவையில்லை. பாலு மகேந்திரா 2014 இல் போய்விட்டார், மகேந்திரன் 2019 இல் போய்விட்டார், இனி ஆர் எடுப்பினமோ தெரியாது. ஆனால் அந்தத் தோளும் கண்ணும் இன்னும் அவரிடம் இருக்கிறது.

தம்பி கத்தியைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அதில சண்டை இருக்குமோ அண்ணை?"

"இல்லை."

கண்ணாடியில் என்னையும் பாட்சாவையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்ப முதல் நாள் போகேலாது," என்றான். "ரெண்டாம் கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம்."