கென்செட்டை விட்டுவிட்டீர்களே

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கடல் ஓவியங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமருக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. சரி, அவர் அலைகளுக்கு அது தகும். 'நார்த்ஈஸ்டர்' (வடகிழக்குப் புயல், 1895) படத்தில் முதலில் பாறைமேல் இரண்டு ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். பிறகு அவரே அவர்களை அழித்துவிட்டு, நுரையை இன்னும் மேலே எழுப்பினார். இதையும் எழுதியிருக்கலாம்.

ஆனால் இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜான் கென்செட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அந்த அருங்காட்சியகத்தை 1870-ல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1872 டிசம்பரில் இறந்தார். அந்தக் கோடையில் வரைந்தவற்றை அவருடைய சகோதரர் தாமஸ் 1874-ல் அங்கேயே கொடுத்துவிட்டார். அவற்றில் லாங் ஐலண்ட் கரையைக் காட்டும் 'ஈட்டன்ஸ் நெக்' எனக்கு மிகவும் பிடித்தது. வளைந்து போகும் வெளிறிய மணல், அதை ஒட்டிக் கரும்பச்சைப் புதர், மீதியெல்லாம் வானமும் தண்ணீரும்தான். ஆள் இல்லை, பெரிய அலையும் இல்லை. முடிக்காத படமோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ, இதற்குமேல் ஒரு கோடு போட்டாலும் கெட்டுப்போயிருக்கும்.

ஹோமரின் புயலுக்குப் பக்கத்தில் இதையும் வைத்து ஒரு தொடர்ச்சி எழுதுங்களேன்.